ரோஸ் கலர் வட்டம்

கொஞ்சம் சன்னல் பக்கமாச் சாஞ்சுக்கிடுங்க தாயி. உங்க தலை மறைக்குது, முன்னால உக்காந்திருக்கிற ஆளு எனக்குத் தெரியணும். ஆங், இப்பத் தெரியுது. கோவிச்சுக்கிடாதீங்க. தூக்குவாளியும் பிளாஸ்க்குமா வச்சிருக்கீங்க, பெரியாஸ்பத்திரிக்கா? மாமியாரா? சர்க்கரைப் புண்ணா? ஆறிரும், ஆறிரும். நானும் அங்கதான் போறேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். அந்தா, டிரைவருக்குப் பின்னால பச்சைச் சேலை தெரியுதா? பக்கத்துல சுடிதார் போட்ட பிள்ளை. தாயும் மகளும். அந்தப் பச்சைச் சேலைக்காகத்தான் நான் போறேன்.

பெறகு ஏன் சேந்து உக்காரலன்னு பாக்கீங்களா? பஸ் ஸ்டாண்டுல முண்டியடிச்சு ஏறி, துண்டைப் போட்டு எடம் பிடிச்சதே அவளுக்காகத்தான். அவ ஏறினா, துண்டைப் பாத்தா, என்னையும் பாத்தா. பாத்துட்டு விறுவிறுன்னு முன்னால போயி உக்காந்துட்டா. பெறகுதான நீங்க வந்து எடம் கேட்டீங்க. சரி, எப்படியும் ஒரே பஸ்ஸுலதான போறோம். நடுவுல எறங்கி ஓடிராமப் பாத்துக்கிட்டா போதும். அதான் கண்ணை எடுக்காம இருக்கேன்.

என் பேரு தங்கபுஷ்பம். எங்க ஊருல வந்து புஷ்பம் அக்கா வீடு எதுன்னு கேட்டா கைப்பிள்ளைகூடக் காட்டும். ஊருக்கு ஆரோக்கியத் தன்னார்வலர் நான்தான். பிரஷர் மாத்திரை கொண்டு போய்க் குடுக்கிறது, பிள்ளத்தாச்சியை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறது, எல்லாம் பாக்கேன். போன பங்குனியில எங்களைக் கூப்பிட்டு மாருல வர்ற புத்துநோய்க்குப் பயிற்சி குடுத்தாக. பொம்பளைக தங்களைத் தாங்களே பாத்துக்கிடணும், அதை நாங்க வீடு வீடாப் போய்ச் சொல்லிக் குடுக்கணும். மாசாமாசம் வர்றது நின்ன ஒரு வாரத்துல கண்ணாடி முன்னால நிக்கணும். ரெண்டு கையையும் தூக்கிப் பாக்கணும், தோலு எங்கயாவது குழி விழுந்திருக்கா, காம்பு உள்ள இழுத்திருக்கான்னு. பெறகு மூணு வெரலைச் சேத்து வச்சு வட்டம் வட்டமா அழுத்திப் பாக்கணும், அக்குள் வரைக்கும். நீங்க பாக்கீங்களா? ஏன் இப்பிடி வெக்கப்படுறீங்க! நான் என்ன ஆம்பளையா?

இந்த வெக்கந்தான் தாயி ஆளைக் கொல்லுது. டாக்டரம்மா தெளிவாச் சொன்னாக. கட்டின்னா எல்லாமே புத்து இல்ல, முக்கால்வாசி சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும், ஆனா எதுன்னு சோதிச்சுப் பாத்தாத்தான தெரியும்னாக. சீக்கிரம் வந்தா பொழைக்க வச்சிரலாம், நம்ம பொம்பளைக மூடி மூடி வச்சுக் கடைசியில வர்றாகன்னு அவுகளே வருத்தப்பட்டாக. அப்ப எனக்கு எங்க சின்னவ ஞாபகந்தான் வந்துச்சு. என் கூடப்பொறந்த தங்கச்சி. மூடி வச்சே செத்தா. புருசன்கிட்டகூடச் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. கடைசியில அவளைக் குளிப்பாட்டும்போதுதான் நான் பாத்தேன். அதுல இருந்து மூடி வைக்கிறதுன்னாலே எனக்கு ஆகாது. எதுன்னாலும் வெளிச்சத்துக்கு வரட்டும்னு சொல்ற ஆளு நான்.

இருங்க, பஸ்ஸு நிக்குது. யாரு எறங்குறா? ஓ, கீரைக்கட்டுக்காரி. சரி சரி.

எங்க ஊருல முக்கால்வாசிப் பொம்பளைக தீப்பெட்டி ஆபீசுலதான் வேலை பாக்காக. நான் அங்கயே போயி, டீக்கு விடுற நேரத்துல ஆம்பளைகளை வெளிய அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு ஆரம்பிச்சிருவேன். பயிற்சியில ரப்பர்ல செஞ்ச மாரு ஒண்ணு மாதிரிக்கு வச்சிருந்தாக. நமக்கு அதெல்லாம் யாரு தர்றா? நானே ஒரு துணிப்பையில கோதுமை மாவை அடைச்சு, உள்ள ஒரு புளியங்கொட்டையை ஒளிச்சு வச்சுத் தச்சுட்டேன். கொட்டை எங்க இருக்கு, வெரலால கண்டுபிடிங்கடின்னு ஒவ்வொருத்தி கையிலயும் குடுப்பேன். ஒரே சிரிப்பும் கும்மாளமுமா இருக்கும். அன்னைக்கு இவதான், இந்தப் பச்சைச் சேலை, மாரீஸ்வரி, பையை வாங்கின ஒடனே கண்டுபிடிச்சா. எல்லாரும் கை தட்டுனாக. அவ மட்டும் சிரிக்கல. பையை மடியில வச்சு அழுத்திக்கிட்டே இருந்தா. அடுத்தவளுக்குக் குடுடின்னு நான்தான் பிடுங்கினேன்.

அன்னைக்குப் பொழுதடைய வீட்டுக்கு வந்தா. அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, "யக்கா, அந்தக் கொட்டை மாதிரி எனக்கும் ஒண்ணு இருக்கு"ன்னா. எடது பக்கம். நான் கை வச்சுப் பாத்தேன். இருக்கு. "பயப்படாதடி, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னேன். அதுக்கு அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "யக்கா, கௌசிகாவுக்கு எடம் வந்திருக்கு. நல்ல எடம். நிச்சயம் முடியட்டும், மறுநாளே வர்றேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லிராதீக"ன்னா. கௌசிகாதான் அந்தா இருக்கிற மக. புருசன் இல்லாத பொம்பள, தனியா நின்னு வளத்தவ. நான் யாருகிட்டத் தாயி சொல்லப் போறேன்? சத்தியம் பண்ணிக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் நானாப் போயி ஒருத்திகிட்டச் சொன்னது கெடையாது. உங்ககிட்டச் சொல்றது வேற. நீங்க வெளியூரு.

பாருங்க, மக திரும்பிப் பாக்கா. பாத்தீங்களா அந்த மொறைப்பை? எஞ்சின் போடுற சத்தத்துல அங்க என்ன கேட்டிரப் போகுது? எனக்குக் குரலே கொஞ்சம் கனம். நான் ரகசியம் பேசினா நாலு வீட்டுக்குக் கேக்கும்னு எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாரு. மனசுல கள்ளம் இருக்கிறவன்தான மெதுவாப் பேசணும்?

என்ன நடந்துச்சுன்னா, சொட்டு மருந்து குடுக்க வருவாகள்ல, போலியோவுக்கு, குடுத்து முடிச்ச வீட்டுச் செவத்துல சாக்பீசால எழுதிட்டுப் போவாகள்ல? நான் வருசா வருசம் அதுல நின்னவ. எனக்கு அது கைப்பழக்கம். இதுக்கும் அப்படியே செஞ்சேன். சொல்லிக் குடுத்து முடிச்ச வீட்டுக்கு ஒரு கோடு. திரும்பப் போயிப் பாக்க வேண்டிய வீட்டுக்கு ஒரு வட்டம். பயிற்சியில ரோஸ் கலர்ல ரிப்பன் குத்திவிட்டாக, அதனால நானும் ரோஸ் கலர் சாக்பீசே வாங்கினேன். பாக்கவும் லட்சணமா இருந்துச்சு. நோட்டுல எழுதினா எவளாவது எடுத்துப் படிச்சுப்புடுவா. செவத்துல ஒரு வட்டம் போட்டா யாருக்கு என்ன தெரியும்? பேரா எழுதியிருக்கு, வியாதியா எழுதியிருக்கு? வெறும் வட்டம். நல்லா யோசிச்சுத்தான் தாயி செஞ்சேன். எங்க தெருவுல வட்டம் விழுந்தது மாரீஸ்வரி வீட்டுக்கு மட்டுந்தான்.

யாரு கண்டா, எங்க தெருப் பொம்பளைகளுக்கு வேற நெனப்பு ஓடியிருக்கு. அரசாங்கத்துல காங்கிரீட் வீடு கட்டிக் குடுக்கப் போறாக, ஆளைப் பாத்து எடுத்துட்டுச் செவத்துல வட்டம் போட்டுட்டாகன்னு. குழாயடியில என்னையப் பிடிச்சுக்கிட்டாளுக. "புஷ்பம் அக்கா, அவளுக்கு மட்டும் வீடா? எங்க கூரை மட்டும் ஒழுகாம இருக்கா? உனக்கு என்ன வாங்கிக் குடுத்தா அவ?"ன்னு ஒருத்தி கேட்டா தாயி, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி. நான் கைநீட்டி வாங்குற ஆளா? "அடி அறிவு கெட்டவளுகளா, அது வீட்டுக்குப் போட்ட வட்டம் இல்லடி, மாருல கட்டி இருக்கிறவ வீட்டுக்குப் போடுறது"ன்னு சொன்னேன்.

அம்புட்டுத்தான் சொன்னேன். பேரைச் சொன்னேனா? மாரீஸ்வரின்னு என் வாயால வரவே இல்ல. அவளுகளாத்தான் திரும்பி அந்த வீட்டைப் பாத்தாளுக. குழாய்ல தண்ணி பாட்டுக்கு ஓடுது, ஒருத்தியும் குடத்தை எடுக்கல. அந்த நேரம் பாத்து இவ குடத்தோட வாசலுக்கு வந்தா. ஒருத்தியும் அவ மூஞ்சியைக்கூடப் பாக்கல தாயி, மாராப்புச் சேலையைப் பாத்தாளுக. அவ அப்படியே உள்ள போயிட்டா. என் மேல என்ன தப்பு? அவளுக வாயை மூடிக்கிட்டுத் தண்ணி பிடிச்சிருந்தா இது வந்திருக்குமா?

என்ன, டோல்கேட்டு வந்திருச்சா? இன்னும் அரை மணி இருக்கும். தண்ணி இருக்கா தாயி? ஒரு வாய் குடுங்க. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல.

அதோட விட்டேனா? ஈரத்துணியைக் கொண்டு போயி வட்டத்தைத் தொடைச்சேன். அந்தப் பழைய செவத்துல தொடைச்ச எடம் மட்டும் பளிச்சுன்னு வெள்ளையா நிக்குது, முன்னைக்கு இப்ப நல்லாத் தெரியுது. என்ன செய்யலாம்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒரு வழி தோணுச்சு. தெருவுல இருக்கிற எல்லா வீட்டுக்கும் வட்டம் போட்டுட்டா? அப்ப இவளுக்கு மட்டும்னு இருக்காதுல்ல? விடியுறதுக்குள்ள எழுந்திருச்சு, கோலம் போடுற மாதிரி போயி, ஒரு வீடு விடாம ரோஸ் கலர்ல போட்டுட்டு வந்துட்டேன். என் வீட்டுக்கும் சேத்து. அவளுக்காகத்தான செஞ்சேன்? காலையில தெருவே எந்திரிச்சு என் வாசல்ல நிக்குது. "என் மருமகளுக்குக் கட்டியா? எவ சொன்னது? உன் வாயில கொள்ளி வைக்க"ன்னு ஏச்சு. ஒரு கெழவரு, வீட்டுல பொம்பளையே இல்லாதவரு, அவரு ஒரு பக்கம் கம்பை எடுத்துட்டு வந்துட்டாரு.

சிரிக்காதீங்க தாயி. நீங்க சிரிக்கிறதைப் பாத்தா எனக்கும் சிரிப்புத்தான் வருது. ஆனா அன்னைக்குப் பாத்துத்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்தாக. கார்ல இருந்து எறங்கினவுக தெரு பூரா ரோஸ் வட்டமா இருக்கேன்னு கேட்டிருக்காக. எவளோ ஒருத்தி வெளக்கம் சொல்லிட்டா. வெளக்கம் சொன்னதோட விட்டாளா, முதல் வட்டம் எந்த வீட்டுக்கு விழுந்துச்சுங்கிறதையும் சேத்துச் சொல்லிட்டா. வீட்டுக்குள்ள வந்து உக்காந்தாக, ஒடைச்சுக் குடுத்த கலரு சோடாவைக்கூடக் குடிக்கல. தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு எங்கயோ கேள்விப்பட்டிருக்காக. ஊருல போயிப் பேசிட்டுச் சொல்றோம்னு போனவுக போனவுகதான்.

நான் அவுக வீட்டுக்கே பஸ் ஏறிப் போனேன். தெரியுமா உங்களுக்கு? இது அவளுக்கே தெரியாது. மாப்பிள்ளையோட அம்மாகிட்டப் போயி, "அது கட்டிதான், புத்துன்னு இன்னும் யாரும் சொல்லல, அப்படியே இருந்தாலும் ஒட்டுவாரொட்டி கெடையாது, நீங்களும் ஒரு தடவை பாத்துக்கிடுங்க, வாங்க நான் சொல்லித் தர்றேன்"னு சொன்னேன். வெளிய போன்னுட்டா அந்தப் பொம்பள.

அதுல இருந்து மாரீஸ்வரி கதவு எனக்குத் தெறக்கல. வைகாசி போச்சு, ஆனி போச்சு, ஆடியும் போச்சு. ஆபீசுக்குப் போறா, வர்றா, கதவைச் சாத்திக்கிடுறா. நான் வாசல்ல நின்னு கூப்பிடுவேன். "மாரீஸ்வரி, நாள் கடத்தாதடி, அது உள்ள வளந்துக்கிட்டு இருக்கும்டி"ன்னு தெனமும் சொல்லிட்டு வருவேன். உள்ள ரேடியோவைக் கூட்டி வைப்பா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. புளியங்கொட்டை அளவு இருந்தப்பவே என் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் என்ன ஏதுன்னு தெரிஞ்சிருக்கும். எனக்குச் சோறு எறங்கல தாயி. எங்க சின்னவளைக் குளிப்பாட்டின கையி இது. இன்னொருத்தியை அப்பிடிக் குளிப்பாட்ட என்னால முடியாது.

போன வாரம் நர்சம்மாதான், எங்க துணைச் சுகாதார நிலையத்து நர்சம்மா, ஒரு வார்த்தை பேசாமப் போயி அவ பக்கத்துல உக்காந்து தீப்பெட்டி ஒட்டியிருக்காக. ரெண்டு மூணு நாளு அப்படி ஒட்டுனாகளாம். பெறகு அவளாவே சட்டையை அவுத்துக் காமிச்சாளாம். கோலிக்குண்டு அளவுக்கு வந்திருச்சுன்னாக. சரி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு ஒத்துக்கிட்டா. ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்கா. புஷ்பம் அக்கா கூட வரக்கூடாதாம். நர்சம்மா என்கிட்ட நயமாச் சொன்னாக, "நீங்க இந்தத் தடவை விட்டுருங்கம்மா, மாரீஸ்வரி தன் மக கூடப் போயிட்டு வரட்டும்"னு. அதெப்படி விடுறது? பெரியாஸ்பத்திரியில எந்த வாசல்ல போகணும், யாரைப் பாக்கணும்னு இவளுக்கு என்ன தெரியும்? அதான் நானா வந்து ஏறிட்டேன். கோவத்துல ஏதோ சொல்றான்னா நாமளும் விட்டுற முடியுமா?

ஏய், ஏய். அவ ஏன் எந்திரிக்கா? மில்லு ஸ்டாப்பு இது. இங்க என்ன இருக்கு? தாயி, கொஞ்சம் காலை எடுங்க. கண்டக்டர் தம்பி, நிப்பாட்டாதீக, அவுக பெரியாஸ்பத்திரிக்குப் போறவுக! டிக்கெட்டைப் பாருங்க! ஏ மாரீஸ்வரி! எறங்காதடி! ஏ கௌசிகா, அம்மாவப் பிடி! இன்னைக்கு விட்டா மாருல கட்டி பெருசாயிரும்டி! ஏய், உன்னத்தாண்டி!

எறங்கிட்டா.

எறங்கியே போயிட்டா தாயி. திரும்பிக்கூடப் பாக்கல. முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கா பாருங்க. எல்லாம் ஏன் என்னையவே பாக்கீக? உங்க சோலியப் பாருங்க. தம்பி, ஏன் வெசில் குடுத்தீக? போச்சு. இம்புட்டுப் பாடும் போச்சு. இனி இவளை எந்த சென்மத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது? எறங்கி அந்தப் பக்கம் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிருவா. நான் என்ன செய்வேன்?

நீங்க பின்கண்ணாடியில பாருங்க, எனக்குக் கண்ணு மங்குது. ரோட்டைத் தாண்டிட்டாளா? தாண்டலயா? இந்தப் பக்கமேதான் நிக்காளா? கையைக் காட்டுறாளா? எதுக்கு? பின்னால பஸ்ஸு வருதா? போர்டு என்ன போட்டிருக்கு? விருதுநகரா?

அப்ப அதுவும் பெரியாஸ்பத்திரிக்குத்தான போகுது.

ஏறிட்டாளா? நல்லாப் பாருங்க. ரெண்டு பேருமா? மக கையைப் பிடிச்சு ஏத்துறாளா?

சரி. சரி. உக்காருங்க.

ஆஸ்பத்திரிக்குத்தான் போறா. நான்கூட வீட்டுக்குப் போயிட்டாளோன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போறது அவளுக்குக் கசக்கல. இந்த பஸ்ஸுதான் கசந்திருக்கு. ரெண்டாவது தடவை டிக்கெட் எடுத்தாலும் பரவாயில்ல, இந்த பஸ்ஸு வேண்டாம்னு எறங்கிப் போறா.

இல்ல தாயி, அழல. தூசி.

ஐயோ, சீட்டு! என் பைக்குள்ளல்ல இருக்கு. நர்சம்மா எழுதிக் குடுத்த சீட்டு. இவகிட்டக் குடுத்திருங்கன்னு முந்தாநாளே என் கையில குடுத்தாக. நான்தான் குடுக்கல. குடுத்துட்டா என்னை விட்டுட்டுப் போயிருவாளேன்னு, சீட்டு என்கிட்டத்தான் இருக்கு, நான் வந்து காட்டுறேன்னு மக கிட்டச் சொல்லிவிட்டேன். அது இல்லாமப் போனா இன்னைக்குப் பாக்க மாட்டாக. முதல்ல இருந்து வரிசையில நின்னு, இன்னொரு நாளைக்கு வான்னு சொல்லிருவாக. வெறுங்கையோட திரும்பினான்னா அம்புட்டுத்தான், இனிமே அவ வரமாட்டா.

நீங்க ஒரு உதவி செய்வீங்களா? நீங்களும் அங்கதான போறீங்க? இந்தாங்க, பிடிங்க. எறங்கி வாசல்லயே நில்லுங்க, பின்னால அந்த பஸ்ஸு வந்துரும். பச்சைச் சேலை, பக்கத்துல மக. நான் குடுத்தா வாங்க மாட்டா. அடுத்த ஸ்டாப்புல நான் எறங்கிக்கிடுறேன். அந்த பஸ்ஸு தாண்டிப் போற வரைக்கும் கடைக்குள்ள நின்னுக்கிடுறேன். இல்லைன்னா ரோட்டுல என்னைப் பாத்துட்டு மறுபடியும் எங்கயாவது எறங்கிருவா.

கூட்டத்துல பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க தாயி. பக்கத்துல போயி, மெதுவாக் கையில குடுங்க. யாரு குடுத்தான்னு கேட்டா, பஸ்ஸுல கீழ கெடந்துச்சுன்னு சொல்லுங்க.